கில்மன் தெருவின் கதவைக் காத்தவர்களுக்கு

அமெரிக்காவின் பெர்க்லி நகரம், கில்மன் தெரு, 924ஆம் எண் இசைக்கூடத்தை 1986 முதல் சம்பளம் வாங்காமல் நடத்திவரும் தோழர்களுக்கு,

சென்னையில் இருந்து, தமிழில் எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலோருக்கு இது படிக்க வராது. ஆனாலும் எங்கள் வாசகர்கள் முன்னால் வைத்தே இதை உங்களிடம் சொல்லியாக வேண்டும். கிரீன் டே என்ற பங்க் இசைக்குழு எங்கள் ஊரிலும் தெரிந்த பெயர்தான். 2004இல் 'அமெரிக்கன் இடியட்' வெளிவந்த பிறகு அந்தப் பாட்டுகள் இசைத் தொலைக்காட்சி வழியாகக் கல்லூரி விடுதிகள்வரை வந்து சேர்ந்தன. உங்கள் பெயர் மட்டும் வரவில்லை. அந்தக் குழுவின் வரலாறு என்று எங்களுக்குப் படிக்கக் கிடைப்பது 1994 பிப்ரவரி 1ஆம் தேதி, 'டூக்கி' ஆல்பம் வெளியான நாளில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். நீங்கள் அந்த இரண்டு வரிக்குள் புதைந்து கிடக்கிறீர்கள். உங்களுக்குச் சேர வேண்டிய மரியாதையை இங்கே செலுத்த வேண்டும். உங்கள்மேல் உள்ள ஒரு வருத்தத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வடகிழக்கே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை ஒட்டிக் கிடக்கும் சிற்றூர் ரோடியோ. கிரீன் டேவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங் வளர்ந்தது அங்கேதான். அப்பா லாரி ஓட்டுநர். ஜாஸ் டிரம்ஸும் வாசிப்பார். 1982இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது, ஆறு பிள்ளைகளில் கடைக்குட்டியான பில்லி ஜோவுக்கு 10 வயது. அம்மா உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்துக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். அதே பத்து வயதில்தான் பள்ளியில் மைக் என்ற பையன் நண்பனானான். அவனைப் பெற்ற தாய் போதைக்கு அடிமை; தத்தெடுத்து வளர்த்தவர்களும் பிரிந்துவிட்டார்கள். மைக் டர்ன்ட் என்று பின்னாளில் உலகம் அறிந்த பேஸ் கிதார் கலைஞர் அவர்தான். அந்த நாட்களில் பில்லி ஜோவின் கைக்கு ஒரு கிதார் வந்தது. ஸ்ட்ராட்டோகாஸ்டரைப் பார்த்துச் செய்த ஃபெர்னாண்டஸ் நிறுவனத்துக் கிதார், நீல நிறம், வாத்தியார் ஜார்ஜ் கோலிடம் இருந்ததை அம்மா வாங்கிக் கொடுத்தார். 'ப்ளூ' என்று அதற்குப் பெயர். மேலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி, கீறல் விழுந்து, பெயின்ட் உதிர்ந்த அந்தக் கிதாரைப் பிற்காலத்தில் பெரிய மேடைகளிலும் அவர் தோளில் பார்க்கலாம். கோடீஸ்வரரான பிறகும் அதை அவர் கைவிடவில்லை.

1987இல் இருவரும் 'ஸ்வீட் சில்ட்ரன்' என்று குழுவுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, அம்மா வேலை பார்த்த உணவகத்திலேயே முதல் கச்சேரி செய்தார்கள். அதற்கு அடுத்து எங்கே போவது? அமெரிக்காவில் மேடை இருக்கும் இடங்களில் பல மதுக்கூடங்கள். 21 வயது ஆகாதவரை உள்ளே விடமாட்டார்கள். எல்லா வயதினரையும் விட்ட இடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. மிச்சம் இருந்த பங்க் கச்சேரிகளிலோ மொட்டைத் தலைக் கும்பல்கள் வந்து அடிதடியில் இறங்கின. பதினைந்து வயதுப் பையன்கள் பாடுவதற்கும், பதினான்கு வயதுப் பெண் பிள்ளைகள் பயமில்லாமல் நின்று கேட்பதற்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. நீங்கள் கட்டியது அந்த இடத்தைத்தான்.

எங்கள் வாசகர்களுக்காக அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 'மேக்சிமம் ராக்அன்ட்ரோல்' பத்திரிகையை நடத்திய டிம் யோஹனனும், அந்த இடத்தை முதலில் கண்டுபிடித்த விக்டர் ஹேடனும், கூட நின்ற பல பேரும் சேர்ந்து, பட்டறைகள் நிறைந்த தெருவில் ஒரு கட்டடத்தின் பகுதியை வாடகைக்கு எடுத்தார்கள். பக்கத்துப் பகுதியில் நாற்காலிக்குப் பிரம்பு பின்னும் பொருள்களை விற்கும் கடை. 1986 டிசம்பர் 31 இரவு முதல் கச்சேரி. உள்ளே வர உறுப்பினர் அட்டை வேண்டியிருந்தது; அதன் விலை அப்போது 2 டாலர். வாசலைத் தாண்டினால் சுவரில் விதிகள் பெரிதாக எழுதப்பட்டிருந்தன. மது கூடாது, போதைப்பொருள் கூடாது, அடிதடி கூடாது. இனவெறி, பெண்களை இழிவுபடுத்துவது, தன்பாலின ஈர்ப்பாளர்களை வெறுப்பது, எதுவும் கூடாது. பெரிய ரெக்கார்டு கம்பெனியோடு ஒப்பந்தம் செய்த குழுக்களுக்கு மேடை கிடையாது. அட்டை வைத்திருக்கும் எவரும் கூட்டத்தில் உட்கார்ந்து கருத்துச் சொல்லலாம். வாசலில் காசு வாங்குவது, ஒலிப்பெட்டியைக் கவனிப்பது, கச்சேரி முடிந்து தரையைக் கூட்டுவது எல்லாம் தன்னார்வலர் வேலை. உள்ளே ஒரு கூடைப்பந்து வளையம்கூட மாட்டி வைத்திருந்தீர்கள்.

1988இல் யோஹனனும் பத்திரிகையும் விலகிக்கொண்டார்கள். இடம் மூடியது. பெரியவர்கள் போய்விட்டால் இப்படிப்பட்ட இடங்கள் பொதுவாக அதோடு முடிந்துவிடும். உங்களில் இளையவர்கள் சிலர் கூடிப் பேசி, பணம் சேர்த்து, சீக்கிரமே மறுபடியும் திறந்தீர்கள். என் பார்வையில் கிரீன் டே வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் அதுதான். அந்தக் கதவு அந்த ஆண்டு மூடியே கிடந்திருந்தால், ரோடியோவில் இருந்து வந்த இரண்டு பையன்களும் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அவர்களை நீங்கள் ஆரத்தி எடுத்து வரவேற்றுவிடவில்லை. ஆபரேஷன் ஐவி போன்ற சீற்றமான குழுக்கள் கோலோச்சிய இடத்தில் இவர்கள் காதல் பாட்டுப் பாடினார்கள்; முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஆனாலும் மேடை கொடுத்தீர்கள். 'லுக்அவுட் ரெக்கார்ட்ஸ்' என்ற சிறு நிறுவனத்தை நடத்திய லாரி லிவர்மோர் அவர்களைக் கேட்டது வடக்கே ஒரு மலைப்பகுதி வீட்டில். ஜெனரேட்டர் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். கேட்க வந்த பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரிய மைதானம் நிரம்பி வழிவதைப்போல நினைத்துக்கொண்டு அந்த ஐந்தாறு பேருக்காக அவர்கள் வாசித்ததைப் பார்த்து, அங்கேயே முடிவெடுத்தார் லிவர்மோர். 1989இல் முதல் சிறிய இசைத்தட்டு. பெயரும் கிரீன் டே என்று மாறியது. அந்த மே மாதம் ஆபரேஷன் ஐவி உங்கள் மேடையில் விடைபெற்ற கச்சேரியில் இவர்களும் வாசித்தார்கள். 1990இல் '39/ஸ்மூத்' ஆல்பம். பில்லி ஜோ பதினெட்டாம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் பள்ளியை விட்டார். டிரம்ஸ் வாசித்த ஜான் கிஃப்மையர் கல்லூரிக்குப் போக, லிவர்மோரின் சொந்தக் குழுவில் பன்னிரண்டு வயதிலேயே டிரம்ஸ் பிடித்த ட்ரே கூல் வந்து சேர்ந்தார். அன்று சேர்ந்த மூவரும் இன்றுவரை பிரியவில்லை.

1991 இறுதியில் வந்த 'கெர்ப்ளங்க்' லுக்அவுட் அதுவரை பார்த்திராத அளவுக்கு விற்றது. பெரிய கம்பெனிகளின் ஆட்கள் வரிசை கட்டினார்கள். 1993இல் வார்னர் குழுமத்தின் ரிப்ரைஸ் நிறுவனத்தோடு கையெழுத்தாயிற்று. பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் செய்தவர்களுக்கு மேடை இல்லை என்பது உங்கள் சுவரில் எழுதியிருந்த விதி. அது எல்லோருக்கும் பொது. அவர்களுக்கு மேடை மறுக்கப்பட்டது.

விதி சரியானது. இதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அதே காலத்தில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி 1993இல் எழுதிய கட்டுரையை 'மேக்சிமம் ராக்அன்ட்ரோல்' மறுபதிப்புச் செய்தது. கம்பெனி கொடுக்கும் முன்பணம் எப்படிக் கடனாக மாறுகிறது, ஒலிப்பதிவுச் செலவு, வீடியோச் செலவு, மேலாளர் பங்கு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் எப்படிக் குழுவின் ராயல்டியில் இருந்தே பிடிக்கப்படுகின்றன என்று வரிக்கு வரி அதில் கணக்குப் போட்டிருந்தார். 2,50,000 பிரதிகள் விற்கும் ஒரு கற்பனைக் குழுவை எடுத்துக்கொண்டால், அவர் கணக்கில் கம்பெனிக்கு 7,10,000 டாலர். குழுவில் ஓர் ஆளுக்கு 4,000 டாலர் சொச்சம். அந்தக் கணக்கைப் படித்தவர்கள் பிள்ளைகளைக் காப்பாற்ற நினைத்ததில் என்ன தவறு? இரண்டு டாலர் அட்டையால் ஓடும் ஓர் இடம், விளம்பரப் பணத்தோடு வரும் குழுவுக்கு ஒருமுறை கதவைத் திறந்தால், அடுத்த வாரம் புதிய குழு எதற்கும் நேரம் மிஞ்சாது. சிறியவர்களுக்கான இடத்தைச் சிறியவர்களுக்கே வைத்துக்கொண்டீர்கள். 1994இலேயே தி ஆஃப்ஸ்பிரிங் குழு 'எபிடாஃப்' என்ற சுயேச்சை நிறுவனத்தில் இருந்தபடி 'ஸ்மாஷ்' ஆல்பத்தை உலகெங்கும் ஒரு கோடிக்கு மேல் விற்றுக் காட்டியது. உங்கள் ஆபரேஷன் ஐவியில் இருந்து பிறந்த ரான்சிட்டும் பெரிய கம்பெனிகள் வலை வீசியபோது எபிடாஃபிலேயே நின்றது. வேறு வழி இருந்தது என்பதற்கு இவையே சாட்சி.

என் வருத்தம் விதியைப் பற்றியது அல்ல. அதைச் சாக்காக வைத்துச் சிலர் வளர்த்த வன்மத்தைப் பற்றியது. விலைபோய்விட்டார்கள் என்று பேசுவதோடு அது நிற்கவில்லை. பில்லி ஜோ சாக வேண்டும் என்று சுவரில் எழுதினார்கள். 1994 மே மாதம் டெட் கென்னடிஸ் குழுவின் முன்னாள் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா உங்கள் கூடத்துக்குள்ளேயே தாக்கப்பட்டார். பணக்கார நட்சத்திரம், விலைபோனவன் என்று கத்திக்கொண்டே அடித்ததில் கால் முறிந்தது. இத்தனைக்கும் அவர் பெரிய கம்பெனிப் பக்கம் போனவரே இல்லை. சொந்தமாகச் சுயேச்சை நிறுவனம் நடத்தியவர். அடிதடி கூடாது என்பதும் உங்கள் சுவரில் இருந்த விதிதான். அடித்தவர்கள் உங்கள் ஆட்கள் இல்லை என்பதை அறிவேன். ஆனால் ஒரு விதியை மட்டும் புனிதமாக்கி மற்றவற்றை மறக்கிற காற்று அப்போது வீசியது. உங்களில் எத்தனையோ பேர் அதை எதிர்த்து நின்றிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இனி நான் அழுத்திச் சொல்ல வந்த செய்தி: அந்த மூவரும் உங்கள் விதிகளில் ஒன்றைத்தான் மீறினார்கள். மற்றவற்றை அவர்கள் விட்டுவிடவில்லை.

முதலில் பாட்டைக் கேளுங்கள். 'வெல்கம் டு பாரடைஸ்' இரண்டு முறை பதிவானது: லுக்அவுட் வெளியிட்ட 'கெர்ப்ளங்க்'கில் ஒருமுறை, ரிப்ரைஸ் வெளியிட்ட 'டூக்கி'யில் ஒருமுறை. வீட்டைவிட்டு வந்த பில்லி ஜோ மேற்கு ஓக்லாந்தில் ஒரு பழைய கிடங்கில் பலரோடு தங்கியிருந்த நாட்களைப் பற்றிய பாட்டு அது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்து ஓடவிட்டால் உண்மை தெரிந்துவிடும். அதே வேகம், அதே அமைப்பு, நடுவில் பேஸும் கிதாரும் இருட்டுக்குள் இறங்குவதுபோல் வரும் அதே பகுதி. மாறியிருப்பது ஒலியின் தெளிவு. முதல் பதிவில் டிரம்ஸ் தகரம் தட்டுவதுபோல் கேட்கும். இரண்டாவதில் நெஞ்சில் வந்து விழும். தயாரிப்பாளர் ராப் கவாலோ பாட்டின்மேல் கைவைக்கவில்லை. பதிவு செய்ததும் லாஸ் ஏஞ்சலிஸில் இல்லை. பெர்க்லியிலேயே ஃபேன்டஸி ஸ்டூடியோவில், சுமார் மூன்று வாரத்தில். அட்டைப்படம் வரைந்த ரிச்சி பூக்கரும் உங்கள் வட்டாரத்து பங்க் கலைஞர்தான். கம்பெனி கொடுத்த வசதி எல்லாம் உங்கள் தெருவின் சத்தத்தைச் சுத்தமாகப் பிடிக்கவே பயன்பட்டது. அந்த ஆல்பம் உலகம் முழுவதும் இரண்டு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

அடுத்தது, இன்னும் பெரியது. 1994இல் புகழ் உச்சியில் இருந்தபோது, தங்களுக்கு முன்னால் மேடையேற அவர்கள் அழைத்துச் சென்றது பேன்ஸி டிவிஷன் குழுவை. ஒளிவுமறைவு இல்லாமல் தன்பாலினக் காதலைப் பாடும் சான் பிரான்சிஸ்கோ குழு. இருபது பேர் கேட்கும் அறையில் அதைச் செய்வது வேறு; ஊர் ஊராக விளையாட்டரங்கங்களில், பெற்றோர் கொண்டுவந்து விட்ட பதினைந்து வயதுப் பையன்கள் முன்னால் செய்வது வேறு. கூச்சல் எழுந்தது, மேடைமேல் காசும் பொருள்களும் வந்து விழுந்தன. சிறு ஊர்களில் தனியாகப் புழுங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் இருந்து நன்றிக் கடிதங்களும் வந்தன. 1995 தொடக்கத்தில், தான் இருபாலரையும் விரும்புகிறவன் என்று பில்லி ஜோ ஒரு பத்திரிகைப் பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார். அன்றைய அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்கும் பாடகர் அதைச் சொல்வது சாதாரணமல்ல. இதையெல்லாம் அவர் வேறெங்கே கற்றார்? வெறுப்புக்கு இடமில்லை என்று எழுதியிருந்த உங்கள் சுவரைத் தாண்டித்தானே பதினாறு வயதில் மேடைக்குப் போனார்?

புகழின் மற்றப் பக்கங்களை வேகமாகக் கடக்கலாம். அவை எல்லா இடத்திலும் கிடைக்கும். 1994 ஆகஸ்டில் உட்ஸ்டாக் விழாவில் பார்வையாளர்களோடு சேற்றை வாரி எறிந்துகொண்டது; மைக் டர்ன்டை ரசிகர் என்று நினைத்துக் காவலர் தள்ளியதில் அவர் பல் உடைந்தது; கிராமி விருது; 2000 வாக்கில் வந்த சரிவு; 2003இல் முடியும் தறுவாயில் இருந்த ஆல்பத்தின் மூல நாடாக்கள் திருடுபோக, எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கி 'அமெரிக்கன் இடியட்'டில் எழுந்தது; அது நாடகமாகி 2009இல் பெர்க்லியில் அரங்கேறி அடுத்த ஆண்டு பிராட்வேக்குப் போனது. இராக் போர் நடந்துகொண்டிருந்தபோது, தேர்தல் ஆண்டில், பெரிய கம்பெனி வெளியிட்ட ஆல்பத்தில் தங்கள் நாட்டு அதிபரையும் தொலைக்காட்சிச் செய்திகளையும் நேருக்கு நேர் சாடினார்கள் என்பதை மட்டும் இங்கே நிறுத்திச் சொல்கிறேன். விலைபோனவர்கள் செய்கிற காரியம் அல்ல அது.

சங்கடமான ஓர் அத்தியாயமும் உண்டு. சிறியது எல்லாம் நியாயமானது, பெரியது எல்லாம் கொள்ளை என்ற நம்பிக்கையை அது உடைக்கிறது. 2005 ஆகஸ்டில் கிரீன் டே தன் முதல் ஆல்பங்களின் உரிமையை லுக்அவுட்டிடம் இருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. காரணம், ராயல்டி பாக்கி. லிவர்மோர் 1997லேயே விலகியிருந்தார்; பிறகு வந்த நிர்வாகத்தால் கணக்கை நேர்செய்ய முடியவில்லை. ஆபரேஷன் ஐவியும் பின்னர் தன் ஆல்பத்தை எடுத்துக்கொண்டது. லுக்அவுட் 2012இல் மூடப்பட்டது. நண்பர்கள் நடத்தும் நிறுவனமாக இருந்தாலும் வரவுசெலவு திறந்த புத்தகமாக இருந்தால்தான் பாடுகிறவர்களுக்குக் கூலி போய்ச் சேரும். உங்கள் கூடத்தில் எந்த உறுப்பினரும் கூட்டத்தில் எழுந்து பணம் எங்கே போனது என்று கேட்க முடிந்தது. அந்த நடைமுறையை லுக்அவுட் உங்களிடம் கற்றிருக்கலாம் என்று தோன்றுகிறது.

2015 ஏப்ரல் 18 அன்று கிளீவ்லாந்தில் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடம் கிரீன் டேவைச் சேர்த்துக்கொண்டது; தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே. ஒரு மாதம் கழித்து, மே 17ஆம் தேதி, அவர்கள் உங்கள் மேடையில் நின்றார்கள். ஓக்லாந்தில் நடந்த தீ விபத்தில் ஏ.கே. பிரஸ் பதிப்பகமும் 1984 அச்சகமும் பாதிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்கு நிதி திரட்டும் கச்சேரி. இருபதாண்டுகளுக்கு மேல் மூடியிருந்த கதவைத் திறக்க நீங்கள் இசைந்தீர்கள். புகழ்க்கூடத்தின் மரியாதையைவிட இது பெரிது என்று நான் நினைக்கிறேன். அங்கே அவர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பாலும் இசைத்துறைக்காரர்கள். இங்கே அனுமதித்தவர்கள் வாசலில் நின்று காசு வாங்கி, இரவு தரை கூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள்.

கிரீன் டே தன் பங்கைச் செய்திருக்கிறது. கிழக்கு விரிகுடா பங்க் இயக்கத்தைப் பற்றி 2017இல் வந்த 'டர்ன் இட் அரௌண்ட்' ஆவணப்படத்தைத் தயாரிக்கத் துணைநின்றது அந்தக் குழுதான். கார்பெட் ரெட்ஃபர்ட் இயக்கிய அந்தப் படத்தில் உங்கள் கூடமும் உங்கள் குழுக்களும் நிறைந்திருக்கின்றன. அதற்கு முன் பிரையன் எட்ஜ் 2004இல் உங்கள் குரல்களைத் தொகுத்துப் புத்தகமாக்கினார்.

என் வேண்டுகோள் அங்கிருந்து தொடங்குகிறது. அந்தப் புத்தகம் வந்து இருபதாண்டுகள் ஆகிவிட்டன. 1988இல் மூடிய கதவை மறுபடி திறந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். யோஹனன் 1998லேயே போய்விட்டார். வாடகை உயர்ந்தபோது, பெருந்தொற்றில் கூடம் மூடிக் கிடந்தபோது நீங்கள் எப்படித் தாக்குப்பிடித்தீர்கள் என்பதெல்லாம் இன்னும் எங்கும் முழுமையாக எழுதப்படவில்லை. மேடையில் நின்றவர்களின் நினைவுகள் போதுமான அளவு அச்சேறிவிட்டன. ஒலிப்பெட்டியைக் கவனித்தவரிடம், சண்டைபோட வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திய பெண்ணிடம், கணக்கு எழுதியவரிடம் போய்க் கேளுங்கள். கூட்டத்தில் யார் என்ன வாதாடினார்கள், எந்தக் குழுவை ஏன் மறுத்தீர்கள், வாடகைக்குக் குறைந்த பணத்தை எங்கே புரட்டினீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். எங்கள் ஊர்களிலும் பிள்ளைகள் கிதாரைத் தூக்கிக்கொண்டு மேடை தேடி அலைகிறார்கள். மதுக்கூடங்களையும் கல்லூரி விழாக்களையும் விட்டால் அவர்களுக்கு இடமில்லை. ஒரு குழு எப்படிக் கோடிகளில் விற்றது என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓர் அறையை நாற்பதாண்டு எப்படித் திறந்து வைப்பது என்பதைத்தான் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் எழுதி, அனுமதியும் கொடுத்தால், அதைத் தமிழில் கொண்டுவரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

தோழமையுடன்,
சென்னையில் இருந்து ஒரு வாசகன்